மண்ணைப் படித்த மாமேதை டொக்குச்சாயெவ்

இந்த மாதம் விஞ்ஞானிகள் பகுதிக்கு என்னை எழுதச் சொன்னாங்க. எல்லாரும் எடிசன், மேரி கியூரி, சர் சி.வி.ராமன் என்று எழுதுவதால் நான் வேற ஒருத்தரை எடுத்துக்கிட்டேன். ரஷ்யாவில் இவர் பெயரில் நிலையங்களும் அருங்காட்சியகமும் இருக்கு. நம்ம பக்கம் அவ்வளவா தெரியாது. ஆனா கறுப்பு மண்ணில் நடக்கிற நாம எல்லாரும் இவரைத் தெரிஞ்சுக்கணும்.

முன்னுரை

போன கோடையில் எங்க புஞ்சைக்குப் பக்கத்தில் பண்ணைக்குட்டை வெட்டினாங்க. ஜே.சி.பி. தோண்டிப் போட்ட பிறகு நான் குழியோட ஓரத்தில் நின்னு பார்த்தேன். மேலே நல்ல கரிசல். கொஞ்சம் கீழே போனா நிறம் மாறுது. அதுக்கும் கீழே வெள்ளை வெள்ளையா சுக்கான்கல். அடுக்கு அடுக்கா, யாரோ கோடு போட்டு வண்ணம் அடிச்ச மாதிரி இருந்தது. தினமும் மிதிக்கிற மண்ணுக்கு உள்ளே இப்படி ஒரு படம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பள்ளிக்கூடம் திறந்ததும் அறிவியல் சாரிடம் இதைச் சொன்னேன். இதே மாதிரி குழிக்குள் இறங்கி, அந்த அடுக்குகளைப் பாடமா படிச்சு, உலகத்துக்கே மண் அறிவியலைக் கொடுத்த ஒருவர் இருந்தார் என்று சொல்லி, சார் இவர் பெயரைச் சொன்னார். வாயில் நுழையவே இல்லை. வசீலி வசீலியெவிச் டொக்குச்சாயெவ். இப்போ நான் தடுமாறாமச் சொல்வேன்.

பிறப்பும் படிப்பும்

1846-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி ரஷ்யாவில் ஸ்மோலென்ஸ்க் மாகாணத்தில் மிலியுகோவோ என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா கிராமத்துச் சர்ச்சில் பாதிரியார். (ரஷ்யாவில் பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்வார்கள்.) மகனும் அதே வேலைக்குத்தான் போகணும் என்பது வழக்கம். அதனால் ஸ்மோலென்ஸ்கில் மதப் பள்ளியில் படிச்சார். நல்லா படிச்சதால் 1867-ல் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த பெரிய மதக் கல்லூரிக்கு அனுப்பினாங்க.

அங்கே போன சில வாரத்திலேயே அந்தப் படிப்பை விட்டுவிட்டார்! பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படிக்கச் சேர்ந்தார். குடும்பத்தில் யாரும் போகாத பாதை. அப்போது அவருக்கு 21 வயசு.

படிப்பு முடிக்கும்போது அவர் முதல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? பெரிய மலையோ எரிமலையோ இல்லை. தான் பிறந்த ஊர் ஓரமா ஓடுகிற கச்னா என்ற சின்ன ஆறு. அது கொண்டுவந்து படிய வைத்த வண்டல். நம்ம ஊர் ஓடையை வைத்து ஒருத்தர் ஆராய்ச்சி எழுதின மாதிரி. எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. பிறகு பல்கலைக்கழகத்தில் பாறை, மண் சேகரிப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

வறட்சி கேட்ட கேள்வி

ரஷ்யாவின் தென்பகுதியில் மரமே இல்லாத பெரிய புல்வெளிகள் உண்டு. அதுக்கு ஸ்டெப்பி என்று பெயர். அங்கே இருக்கிற மண் நல்ல கறுப்பு. அதை அவங்க பாஷையில் செர்னோசியம் என்பார்கள். சோர்னி என்றால் கறுப்பு, செம்லியா என்றால் மண். நாம கரிசல் என்று சொல்ற மாதிரிதான். ரஷ்யாவுக்கே சோறு போட்டது அந்தக் கறுப்பு மண்தான். கோதுமை அப்படி விளையும்.

அந்த நல்ல மண்ணிலேயே 1873-லும் 1875-லும் வறட்சி வந்து வெள்ளாமை போனது. இவ்வளவு வளமான மண்ணில் ஏன் இப்படி ஆகுது என்று எல்லாரும் கவலைப்பட்டார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சுதந்திரப் பொருளாதாரச் சங்கம் என்ற பழைய சங்கம் இருந்தது. அவங்க கறுப்பு மண்ணை ஆராய ஒரு குழு போட்டார்கள். அந்த வேலை 31 வயசு டொக்குச்சாயெவிடம் வந்தது.

அவர் 1877, 1878 ஆகிய இரண்டு வருடமும் கோடை முழுக்க ஊர் ஊராகப் போனார். குதிரை வண்டியிலும் கால்நடையாகவும் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் சுற்றினார். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு ஒன்றரைத் தடவை போய்வந்த மாதிரி கணக்கு. உக்ரைன், வோல்கா ஆற்றங்கரை, கிரிமியா, காக்கசஸ் மலை அடிவாரம் என்று போன இடமெல்லாம் குழி தோண்டினார். ஓடைக் கரை, பள்ளத்துச் சரிவு எதையும் விடவில்லை. மேலேயிருந்து கீழே வரை அளந்து, ஒவ்வொரு அடுக்கிலும் மண் எடுத்துக் கட்டி, ஊர் பெயர் எழுதி வைத்தார். அவை பிறகு சோதனைச் சாலைக்குப் போயின.

குழிக்குள் என்ன தெரிந்தது?

நான் பண்ணைக்குட்டையில் பார்த்தேனே, அதையே அவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பார்த்தார். செர்னோசியம் குழியில் மேலே கறுப்பு அடுக்கு. அது பல இடத்தில் என் இடுப்பு உயரத்துக்கு இருக்கும், சில இடத்தில் ஒரு மீட்டரையும் தாண்டும். கையில் எடுத்தால் தூளாகவும் இருக்காது, பெரிய கட்டியாகவும் இருக்காது. குருணை குருணையா உதிரும். எங்க ஆச்சி கம்பைக் குத்திப் புடைக்கும்போது வருமே, அந்தக் குருணை மாதிரி.

அதுக்குக் கீழே கறுப்பு கொஞ்சம் கொஞ்சமா குறையும். அங்கே வெள்ளைப் புள்ளிகள் வரும். அது சுண்ணாம்பு. அதுக்கும் கீழே பல இடங்களில் மஞ்சள் நிறத்தில் மெல்லிய மண். அது ரொம்பக் காலத்துக்கு முன்பு காற்று அள்ளிக் கொண்டுவந்து போட்ட புழுதி, லோயஸ் என்று பெயர். நடுவில் நடுவில் கறுப்பு வட்டங்கள் தெரியும். அது பூமிக்குள் வளை தோண்டுகிற பிராணிகளின் பழைய வளை. மேல் மண் அதுக்குள் விழுந்து அடைந்துவிட்டது. ஆக எலியும் மண்புழுவும்கூட உழவு செய்திருக்கு!

கறுப்பு எங்கிருந்து வந்தது?

இதுதான் அப்போது பெரிய சண்டை. பழைய காலத்தில் கடல் இருந்து, வற்றிப் போனதும் அந்தச் சேறுதான் கறுப்பு மண் ஆனது என்று சிலர் சொன்னார்கள். சதுப்பு நிலம் காய்ந்துதான் வந்தது என்று சிலர். ருப்ரெக்ட் என்ற தாவர அறிஞர் மட்டும், புல் மக்கித்தான் இது உண்டானது என்று 1866-ல் எழுதியிருந்தார்.

டொக்குச்சாயெவ் வாயால் வாதம் பண்ணவில்லை. குழிகளை வைத்துப் பதில் சொன்னார். கடல் சேறு என்றால் கீழே என்ன பாறையோ அதுக்கும், கடல் கிடந்த இடத்துக்கும் ஏற்றபடி இந்த மண் இருக்கணும். ஆனா அவர் பார்த்தது வேற. லோயஸ் மேலேயும் கறுப்பு மண், சுண்ணாம்புப் பாறை மேலேயும் கறுப்பு மண், களி மேலேயும் கறுப்பு மண். கீழே இருக்கிற பாறை மாறினாலும் மேலே மண் மாறவில்லை. அதே சமயம் வடக்கே குளிரும் ஈரமும் அதிகமான காட்டுப் பக்கம் போனால் கறுப்பு குறையுது. தெற்கே வெயில் அதிகமான பக்கம் போனாலும் குறையுது. நடுவில் புல்வெளியில்தான் உச்சம். சமதரையில் தடிப்பு அதிகம், சரிவில் குறைவு. அப்போ இந்த மண்ணை உண்டாக்கினது கடல் இல்லை. புல்லும், அந்த இடத்தின் மழையும் வெயிலும் குளிரும்தான்.

எப்படி என்று நான் எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். மரம் இலையை மேலே கொட்டும். புல்லோ பாதி உடம்புக்கு மேல் மண்ணுக்குள் வேராக வைத்திருக்கும். வருஷா வருஷம் அந்த வேர் உள்ளேயே சாகும். வேற இடமாக இருந்தால் நுண்ணுயிரிகள் எல்லாத்தையும் தின்று தீர்த்துவிடும். ஆனா ஸ்டெப்பியில் குளிர்காலத்தில் மண் உறைந்துபோகும், கோடைக் கடைசியில் காய்ந்துபோகும். இரண்டு நேரமும் நுண்ணுயிரிக்கு வேலை நின்றுவிடும். அதனால் தின்றது போக மிச்சம் சேர்ந்துகொண்டே போகும். அந்த மிச்சம்தான் மட்கு, அதாவது ஹியூமஸ். இப்படி ஆயிரக்கணக்கான வருஷம் சேமித்த சேமிப்புதான் அந்தக் கறுப்பு. பாட்டி உண்டியல்ல காசு போட்ட மாதிரி, புல்லு போட்ட உண்டியல்!

இதிலிருந்து அவர் பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடிச்சார். அதுவரை பாறை படித்தவர்கள் மண் என்றால் நொறுங்கின கல் என்று நினைத்தார்கள். வேதியியல் படித்தவர்கள் மண் என்றால் பயிருக்குச் சத்து வைத்திருக்கிற பானை என்று நினைத்தார்கள். டொக்குச்சாயெவ் இரண்டும் இல்லை என்றார். கல் எப்படித் தனிப் பொருளோ, செடி எப்படித் தனிப் பொருளோ, அப்படியே மண்ணும் இயற்கையில் ஒரு தனிப் பொருள். அதுக்குப் பிறப்பு உண்டு, வயசு உண்டு, வளர்ச்சி உண்டு. அதை உண்டாக்குவது ஐந்து: தட்பவெப்பம், அடியில் இருக்கும் மூலப்பாறை, செடி கொடி உயிரினங்கள், நிலத்தின் மேடு பள்ளம், காலம். இன்றைக்கும் உலகம் முழுக்க மண் படிக்கிறவங்களுக்கு முதல் பாடம் இந்த ஐந்துதான்.

மெண்டலீவ் முன்னால் பரீட்சை

1883-ல் ரஷ்யச் செர்னோசியம் என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதில் ஒரு வரைபடம் இருந்தது. எந்தப் பகுதியில் மட்கு எவ்வளவு என்று பட்டை பட்டையாகக் காட்டினார். மிக வளமான பட்டையில் 100 கிராம் மண்ணில் 13 முதல் 16 கிராம் வரை மட்கு!

அதே வருஷம் டிசம்பரில் அந்த ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டத்துக்கான விவாதம் நடந்தது. குறை கண்டுபிடித்துக் கேள்வி கேட்க உட்கார்ந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? தனிம வரிசை அட்டவணை போட்ட மெண்டலீவ்! நமக்கு அந்த அட்டவணையைப் பார்த்தாலே பயம். இவர் அவர் முன்னாலேயே நின்று பதில் சொல்லி ஜெயித்தார். அறிவியல் கழகத்தின் பரிசும் அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது. மண் அறிவியல் பிறந்த வருஷம் 1883 என்று பலரும் சொல்வது இதனால்தான்.

அந்த மண்ணும் நம்ம மண்ணும்

இந்த இடத்தில் எனக்கு ஒரு அதிர்ச்சி வந்தது. கறுப்பு என்றாலே மட்கு, நம்ம கரிசலும் கறுப்பு, அப்போ நம்ம மண்ணிலும் மட்கு நிறைய என்றுதான் நினைத்திருந்தேன். சார் இல்லை என்று சொல்லிட்டார். இரண்டுக்கும் நிறம்தான் ஒன்று, குணம் வேற. நான் எழுதிக்கொண்டதை இங்கே தர்றேன்.

1. மட்கு: செர்னோசியத்தில் 100-க்கு 4 பங்கிலிருந்து 10 பங்குக்கு மேலும் இருக்கும். நம்ம கரிசலில் பெரும்பாலும் 1 பங்குகூட இருக்காது. இருக்கிற கொஞ்சமும் களியோடு இறுக்கமா ஒட்டியிருப்பதால் மண் கறுப்பா தெரியுது.

2. அமைப்பு: செர்னோசியம் குருணை. குருணைக்கு நடுவே காற்றும் தண்ணீரும் நிற்க இடம் உண்டு. மழை பெய்தால் உள்ளே இறங்கும், வழிந்து ஓடாது. கரிசல் முழுக்க களி. நனைந்தால் ஊதும், செருப்பில் அப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் எங்க புஞ்சை வெடிப்பில் என் 30 செ.மீ. ஸ்கேலை விட்டுப் பார்த்தேன், முழுசா உள்ளே போயிடுச்சு. (பிறகு குச்சி விட்டு எடுத்தேன்.) மேல் மண் வெடிப்புக்குள் விழுந்து, மழைக்கு ஊதிப் புரள்வதால் கரிசல் தன்னைத்தானே உழுதுகொள்ளும் என்று சொல்வார்கள்.

3. சுண்ணாம்பு: இரண்டிலும் உண்டு. செர்னோசியத்தில் கால்சியம்தான் மட்கையும் களியையும் சேர்த்துக் கட்டுகிற பசை. அதனால் குருணை கலையாது, மட்கும் தண்ணீரோடு போகாது. நம்ம சுக்கான்கல் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்க, நுரை வரும். அது கார்பன் டை ஆக்சைடு.

4. அமிலமா காரமா: செர்னோசியம் நடுநிலை, பி.எச். 7-ஐ ஒட்டி இருக்கும். நம்ம கரிசல் பெரும்பாலும் காரம், 8 பக்கம்.

5. சத்து: அயனி படிச்சிருக்கோம் இல்லையா? மட்கும் களியும் எதிர் மின்சுமை உள்ளவை. கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் நேர் அயனிகள். அதனால் ஒட்டிக்கொள்ளும். வேர் கேட்கும்போது விடும். இது இரண்டு மண்ணிலும் நடக்கும். ஆனா தழைச்சத்து மட்கிலிருந்துதான் அதிகம் வரணும். அதனால் செர்னோசியத்தில் தழைச்சத்து நிறைய, கரிசலில் குறைவு. மணிச்சத்தும் கரிசலில் குறைவுதான்.

அப்படின்னா கரிசல் மட்டமா? இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பதில் அது கெட்டிக்காரி. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தை வைத்தே பருத்தியையும் உளுந்தையும் வளர்த்துவிடும். ஆனா அது மட்கைச் சேர்த்து வைத்த பணக்காரி இல்லை. நாமதான் போடணும்.

நியாயமான வரி

டொக்குச்சாயெவ் பட்டம் வாங்கி வீட்டில் உட்காரவில்லை. நிஷ்னி நோவ்கோரோத் மாகாணத்தில் நிலவரி சரியாகப் போடணும் என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவரும் மாணவர்களும் 1882 முதல் 1886 வரை அந்த மாகாணத்து மண்ணைச் சோதித்து 14 தொகுதி எழுதினார்கள். மிக நல்ல மண்ணுக்கு 100 மார்க், மற்றதுக்கு அதைவிடக் குறைவு என்று நம்ம பரீட்சை மாதிரியே மதிப்பெண் போட்டார்கள். மோசமான மண் வைத்திருப்பவரும் நல்ல மண் வைத்திருப்பவரும் ஒரே வரி கட்டக்கூடாது அல்லவா? பிறகு போல்டாவா மாகாணத்திலும் இதே வேலை, அதுக்கு 16 தொகுதி. போல்டாவா இன்றைக்கு உக்ரைன் நாட்டில் இருக்கு. இரண்டு ஊரிலும் இயற்கை அருங்காட்சியகம் ஏற்பட அவரே காரணம். 1889-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவர் வைத்த ரஷ்ய மண் சேகரிப்புக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. மண்ணுக்குத் தங்கம்!

1891 பஞ்சம்

இனி வருவது துக்கமான பகுதி. 1891-ல் ரஷ்யாவில் கடும் வறட்சி. வெள்ளாமை போய்ப் பஞ்சம் வந்தது, அடுத்த வருஷம் காலராவும் சேர்ந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் செத்துப்போனார்கள். பஞ்சம் மிகக் கொடுமையாக இருந்த இடங்களில் பல, கறுப்பு மண் மாகாணங்கள். உலகத்தில் மிக வளமான மண் மேல் நின்றுகொண்டு ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ரொம்ப நேரம் மனசே சரியில்லை.

டொக்குச்சாயெவ் இதுக்கு வானத்தை மட்டும் குற்றம் சொல்லவில்லை. 1892-ல் நமது ஸ்டெப்பிகள் முன்பும் இப்போதும் என்ற புத்தகம் எழுதினார். அதில் வந்த பணத்தைப் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கே கொடுத்தார். அதில் அவர் சொன்னதன் சாரம் இது. புல்வெளி முழுதையும் உழுதுவிட்டார்கள். இருந்த கொஞ்சம் காட்டையும் வெட்டிவிட்டார்கள். வருஷா வருஷம் உழுததில் குருணை உடைந்து தூளாகிவிட்டது. தூள் மண்ணில் மழைத் தண்ணீர் இறங்காமல் ஓடுகிறது, ஓடுகிற தண்ணீர் நிலத்தை அரித்துப் பள்ளம் ஆக்குகிறது. தடுக்க புல்லும் மரமும் இல்லாததால் பனியையும் காற்று வாரிக்கொண்டு போகிறது. அதனால் வசந்த காலத்தில் உருகி இறங்கத் தண்ணீர் இல்லை. மண்ணில் சத்து இருக்கு, ஆனா பயிர் குடிக்கத் தண்ணீர் இல்லை. மண்ணின் சத்து மட்டும் போதாது, அதன் உடம்பும் கெடாமல் இருக்கணும்.

நட்ட மரங்கள்

குறை சொன்னதோடு நிற்காமல் வழியும் சொன்னார். பள்ளம் விழுந்த இடங்களை அடைக்கணும். குளங்கள் வெட்டணும். வயலுக்கு இடையில் காற்றைத் தடுக்க மர வரிசைகள் நடணும். எவ்வளவு உழலாம், எவ்வளவு புல்லாகவும் காடாகவும் விடணும் என்று கணக்கு வைக்கணும். இதைச் செய்து காட்ட 1892-ல் அரசாங்கம் ஒரு குழுவை அவர் தலைமையில் அனுப்பியது. மூன்று இடங்களில் வேலை தொடங்கினார்கள். அதில் ஒன்று வோரோனெஷ் மாகாணத்தில் கல் ஸ்டெப்பி.

சில வருஷத்திலேயே அந்தக் குழுவின் வேலை நின்றுபோனது. ஆனா மரங்கள் நின்றுபோகவில்லை, இன்னும் நிற்கின்றன! 130 வருஷம் தாண்டியும் அந்த மர வரிசைகள் கல் ஸ்டெப்பியில் இருக்கு. அங்கே அவர் பெயரில் விவசாய ஆராய்ச்சி நிலையமும் இருக்கு.

கடைசிக் காலம்

1892-ல் நோவோ அலெக்சாந்திரியா என்ற ஊரில் விவசாயக் கல்லூரிக்குத் தலைவர் ஆனார். அது இன்றைக்குப் போலந்தில் புவாவி என்ற ஊர். அங்கே 1894-ல் மண் அறிவியலுக்குத் தனித் துறை ஏற்படுத்தி, தன் மாணவர் சிபிர்த்செவை அதுக்குப் பேராசிரியர் ஆக்கினார்.

ஓயாத வேலையால் 1895-ல் அவருக்கு நரம்பு நோய் வந்தது. 1897-ல் மனைவி அன்னா புற்றுநோயால் இறந்தார். அதைத் தாங்க முடியாமல் இருந்தும் கொஞ்சம் தேறி எழுந்தார். காக்கசஸ் போய் மலையில் ஏற ஏற மண் எப்படி மாறுது என்று பார்த்தார். வடக்கே போகப் போக மாறுகிற மாதிரியே உயரே போகப் போகவும் மாறுது என்று 1899-ல் எழுதினார். 1900-ல் மாணவர் சிபிர்த்செவும் காசநோயில் இறந்துபோனார். பிறகு டொக்குச்சாயெவ் எழுந்திருக்கவே இல்லை. 1903-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி, 57 வயதில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் காலமானார். மனைவியின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் மாணவர்கள் அவரை மறக்கவில்லை. அவர்களில் ஒருவரான வெர்னாட்ஸ்கி பிறகு உலகம் அறிந்த விஞ்ஞானி ஆனார். செர்னோசியம் என்ற சொல்லை இன்று எல்லா நாட்டு மண் விஞ்ஞானிகளும் அப்படியே சொல்கிறார்கள். அவர் புத்தகம் வந்து 100 வருஷம் ஆனபோது, அவர் மண் எடுத்த பகுதிகளில் மறுபடி அளந்து பார்த்தார்கள். பல இடங்களில் மட்கு குறைந்துபோயிருந்தது. புல் ஆயிரக்கணக்கான வருஷம் போட்ட உண்டியலை நாம 100 வருஷத்தில் உடைத்து எடுக்கிறோம்.

முடிவுரை

இதை எழுதுவதற்கு முன்பு நானும் ஒரு சோதனை செய்தேன். நீங்களும் செய்யலாம். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் எங்க புஞ்சை நடுவில் எடுத்த காய்ந்த மண்கட்டி. இன்னொன்றில் வரப்பில் அறுகம்புல் வேரோடு எடுத்த காய்ந்த மண்கட்டி. இரண்டும் ஒரே கரிசல்தான், பத்தடி தூரம்தான். புஞ்சைக் கட்டி கொஞ்ச நேரத்திலேயே கரைந்து சேறாகப் படிந்தது. வரப்புக் கட்டி ரொம்ப நேரம் உடையாமல் கிடந்தது. புல் வேர் பிடித்துக்கொண்டிருக்கு! ரஷ்யாவில் அவர் பார்த்ததை நான் எங்க வீட்டு டம்ளரில் பார்த்தேன்.

எங்க அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்க புஞ்சையில் மக்காச்சோளம் அறுத்ததும் மிச்சத் தட்டைக்கு வருஷா வருஷம் தீ வைப்பாங்க. தட்டை கலப்பையில் சிக்கும், உழவுக்கு ஆகாது என்பது அப்பா கட்சி. தீ வைத்தால் மண்ணுக்குப் போகவேண்டியது புகையாப் போகுதுப்பா என்பது என் கட்சி. அப்பா டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க. ஒன்றும் சொல்லாமல் போயிட்டாங்க. தாத்தா மட்டும், முன்னெல்லாம் ஆட்டுக்கிடை போடுவோம், கண்மாய்க் கரம்பை அடிப்போம், இப்போ மூட்டைதான் வருது என்று சொன்னாங்க.

இந்த வருஷம் தட்டைக்குத் தீ வைத்தபோது ஓடைப் பக்கத்துக் குறுக்கம் ஒன்றை மட்டும் அப்பா விட்டுவிட்டாங்க. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவங்களும் சொல்லவில்லை. புரட்டாசியில் அந்த ஒரு குறுக்கத்தில் என்ன மாற்றம் தெரியுது என்று பார்க்கணும். டம்ளர் சோதனையை அப்போ மறுபடி செய்து அடுத்த இதழில் எழுதுகிறேன்.

தோழிகளே, தோழர்களே! உங்க ஊரில் எங்கேயாவது குழி வெட்டினால் அதைத் தாண்டிப் போகாதீங்க. பத்திரமா ஓரத்தில் நின்று, அடுக்குகளைப் பாருங்க. அதுதான் டொக்குச்சாயெவ் படித்த புத்தகம். அதுக்கு ஃபீஸ் கிடையாது.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி